ஓரக்கண்ணால் பார்த்த கோடுகள்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை நான். வலியசாலையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குழாயில் மூன்று நாள் தண்ணீர் வராவிட்டால் கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போட என்னைத்தான் அனுப்புவார்கள். அப்பேர்ப்பட்டவள், பேச வேண்டிய ஒரு சமயத்தில் இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். என் சிநேகிதிக்கு ஒரு கண் போயிற்று.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. திருவனந்தபுரத்துக்குச் சற்று வெளியே, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. அங்கே எனக்குத் தற்காலிக உத்தியோகம். பதவியின் பெயர் நீளமாக இருக்கும். செய்த வேலை படம் பார்ப்பது, அவ்வளவுதான். வெளிநாட்டுக்காரர்கள் காற்று மண்டலத்துக்கு மேலே ஒரு தொலைநோக்கியைச் சுற்ற விட்டிருந்தார்கள். அது எங்கோ இருக்கிற நட்சத்திரக் கூட்டங்களைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கும். அப்படி எடுத்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே ஏதாவது செயற்கைக்கோளோ அதன் உடைந்த துண்டோ போய்விட்டால், படத்தில் ஒரு கோடு விழும். நட்சத்திரக்காரர்களுக்கு அந்தக் கோடு தொல்லை. படம் கெட்டுப் போச்சு என்று தள்ளிவிடுவார்கள். எங்கள் கூடத்துத் தலைவருக்கோ, சார் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம், அந்தக் கெட்டுப்போன படங்கள்தான் வேண்டும்.

மேலே அனுப்பின சாமான் எல்லாம் வேலை முடிந்ததும் கீழே வந்துவிடுவதில்லை. செத்துப்போன கோள்கள், எரிந்து தீர்ந்த ராக்கெட்டின் பாகங்கள், கழன்று போன திருகாணி, உரிந்த பெயிண்ட் சில்லு, எல்லாம் பூமியைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பெரியவற்றைத் தரையிலிருந்தே கண்டுபிடித்துப் பட்டியல் போட்டுவிடலாம். சின்னவை எத்தனை என்று யாருக்கும் தெரியாது. அது போகிற வேகத்தில் ஒரு திருகாணி வந்து மோதினாலே நல்ல கோள் ஒன்று நாசமாகிவிடும். ஆகவே கோடுகளை எண்ணு, எங்கே விழுந்தது, எவ்வளவு தடிமன் என்று குறித்து வை என்பது எங்கள் வேலை. தொலைநோக்கி வெகு தூரத்தைப் பார்க்கும்படி அமைத்தது என்பதால், பக்கத்தில் போகிற துண்டு கலங்கிய தடித்த கோடாக விழும். தூரத்தில் போவது நூல் மாதிரி கூர்மையாக விழும்.

அடுத்த ஆத்து மாமா ராக்கெட் செய்கிற இடத்தில் உத்தியோகம் பார்த்தவர். "மேலே அனுப்பறது நாங்க, குப்பை பொறுக்கறது நீயா?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். ஆமாம் மாமா, போடறவாளுக்குப் பொறுக்கறவா வேண்டாமா என்பேன். அந்தத் தெருவில் என்னை யாரும் பேச்சில் ஜெயித்தது கிடையாது.

கம்ப்யூட்டரிடம் விட்டால் அது நட்சத்திரத்தின் பிசிறையும், விண்வெளிக் கதிர் பட்டு விழுந்த கீறலையும் கோடு என்று சொல்லிவிடும். அதனால் மனுஷக் கண்தான் வேண்டியிருந்தது. ஒவ்வொரு படத்தையும் உள்ளங்கை அகலப் பிலிமாக எடுத்து வைத்திருப்பார்கள். நிறம் தலைகீழாக இருக்கும். வானம் வெள்ளை, நட்சத்திரம் கறுப்புப் புள்ளி, கோடும் கறுப்பு. கீழே விளக்கெரியும் ஒளிப்பெட்டி மேல் பிலிமை வைத்து, தாங்கியில் பொருத்திய பெரிய லென்ஸ் வழியாக ஒரு கண்ணால் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு முறை உண்டு. மங்கலான ஒன்றை நேராக உற்றுப் பார்த்தால் தெரியாது. பார்வையைப் படத்தின் நடுவில் நிறுத்திவிட்டு, கண்ணை அசைக்காமல் ஓரங்களில் என்ன தட்டுப்படுகிறது என்று காத்திருக்க வேண்டும். வானம் பார்க்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த வழி இது என்றார் சார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை அந்தப் பெண் பார்க்கிற மாதிரிதான், ஓரக்கண்ணால் பார்த்தால் போதும்.

தட்டுப்பட்ட கோட்டை ஒரு படிவத்தில் பென்சிலால் வரைவோம். படிவத்தில் பிலிம் அளவுக்கே ஒரு சதுரம் அச்சிட்டிருக்கும். வாரக் கடைசியில் பென்சில் படிவத்தைப் பார்த்து மையால் புதிய படிவத்தில் எழுதி, கவரில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஒரே பிலிமை இரண்டு பேர் பார்ப்போம். நான் ஒரு அறை, அந்தச் சிநேகிதி ஒரு அறை. ஒருத்தி பார்த்ததை இன்னொருத்தியிடம் சொல்லக் கூடாது. இது சட்டம்.

ஏன் இந்தச் சட்டம் என்று முதல் நாளே சார் சொல்லிக் கொடுத்தார். நான் அதை அரிசியில் கல் பொறுக்குகிற கணக்காக வைத்துக்கொண்டேன். ஒரே முறம் அரிசியில் நான் பத்துக் கல்லைக் குறிக்கிறேன், அவளும் பத்துக் கல்லைக் குறிக்கிறாள். இரண்டு பேரும் குறித்தது ஏழு என்றால், ஆளுக்கு மூன்றைத் தவறவிட்டிருக்கிறோம். அப்படியானால் இரண்டு பேர் கண்ணுக்கும் தப்பின கல்லும் ஒன்றிரண்டு இருக்கும். எத்தனை இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். பத்தும் பத்தும் அப்படியே ஒத்துப் போனால், அரிசியில் இனிக் கல்லே இல்லை என்று அர்த்தமாகிவிடும். காணாததை எண்ணுவதற்கு எங்களுடைய வேறுபாடுதான் அளவுகோல். "எனிக்கு வேண்டத் வியத்யாசமாணு," என்பார் சார். எனக்கு வேண்டியது வித்தியாசம். மலையாளத்தில் அவர் அதைச் சொல்லும்போது நாங்கள் இருவரும் தலையாட்டுவோம்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆரியசாலையில் கயிறும் சாக்கும் மொத்தமாக விற்கிற குடும்பத்தின் மருமகள். பிறந்த வீடு நாகர்கோவில் பக்கம். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவள். அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் உத்தியோகத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. மாமனாருக்கு அது பிடிக்கவே இல்லை. தற்காலிக வேலைதானே, பொழுது போகட்டும், அலுத்தால் தானே நிற்பாள் என்று விட்டு வைத்திருந்தார். நிரந்தர ஆர்டர் கையில் வந்துவிட்டால் அவர் வாய் அடங்கிவிடும் என்று அவள் ஆறு வருஷம் காத்திருந்தாள். இடது கண் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மங்கல். கண்ணாடி போட்டும் பிரயோஜனமில்லாத மங்கல். எல்லாப் பார்வையும் வலது கண்ணில்தான், அதற்கும் சோடா பாட்டில் கண்ணாடி. ஆனால் அந்த ஒற்றைக் கண் என் இரண்டு கண்ணையும் விட நன்றாகப் பார்த்தது. நான் தவறவிட்ட எத்தனையோ நூல் கோடுகளை அவள் பிடித்திருக்கிறாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

மதியம் ஒரே மேஜையில் சாப்பிடுவோம். என் டப்பாவில் இருக்கும் பூசணிக்காய் எரிசேரியை அவள் எடுத்துக்கொள்வாள். அவள் கொண்டு வரும் புளிக்கறியில் மீன் இல்லை என்று சத்தியம் செய்த பிறகு நான் தொடுவேன். சாயந்திரம் ஒரே பஸ்ஸில் கிழக்கே கோட்டை வந்து இறங்கி, சாலைக் கடைத்தெரு வழியே சேர்ந்து நடப்போம். அவள் ஆரியசாலையில் திரும்புவாள், நான் நேராகப் போவேன். கூடப் பிறந்தவளிடம் சொல்லாததை அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒருத்தி மட்டும் கண்ட கோட்டுக்கு எங்கள் ஆபீசில் 'ஒற்றை' என்று பெயர். வெள்ளிக்கிழமை சார் இரண்டு கவரையும் பிரித்து ஒப்பிட்டுப் பார்ப்பார். திங்கட்கிழமை அந்த ஒற்றைகளை மட்டும் நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பிலிமில் மறுபடி பார்ப்போம். உண்மைக் கோடா, மயக்கமா என்று தீர்மானிக்க.

ஒரு வருஷம் ஜூன் கடைசியில், இடவப்பாதி மழை பெய்துகொண்டிருந்த சமயத்தில் அவளுடைய ஒற்றைகள் அதிகமாயின. வாரத்துக்கு வாரம் கூடியது. திங்கட்கிழமை பிலிமை வைத்துப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இருக்காது. நேர்கோடாகக்கூட இல்லை, சில இடத்தில் வளைந்த கோடு வரைந்திருந்தாள். எந்தக் கோள் வளைந்து வளைந்து போகும்?

"என்னடி இது, இல்லாத கோட்டையெல்லாம் போட்டு வெச்சிருக்கே?" என்று கேட்டேன், சிரித்துக்கொண்டேதான்.

அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பத்து நாளாகவே வலது கண்ணுக்குள் நூல் மாதிரி ஏதோ மிதக்கிறது என்றாள். வெளியே தெரிவதில்லை, வெள்ளையாக எதையாவது பார்த்தால்தான் தெரிகிறது. ஒளிப்பெட்டி மேல் கண்ணை வைத்தால் அந்த நூல் வந்து நிற்கிறது. பிலிமில் இருக்கிறதா, கண்ணில் இருக்கிறதா என்று பிரிக்க முடியவில்லை. சில சமயம் ஓரத்தில் மின்னல் மாதிரி ஒன்று வெட்டுகிறது. அதையும் கோடு என்று நினைத்து வரைந்துவிட்டேன் என்றாள்.

டாக்டரிடம் போ என்று உடனே சொன்னேன். சொன்னேன் என்பதற்கு எனக்கு ஒரு பெருமையும் இல்லை. சொல்லிவிட்டு நிறுத்தினேனே, அதுதான் விஷயம்.

"ஏளா, ஓணம் கழியட்டு," என்றாள். ஓணம் கழிந்த மறு வாரம் நிரந்தரத்துக்கான நேர்முகம் வைத்திருந்தார்கள். எங்கள் இருவருக்கும்தான். "இப்பம் கண் ஆஸ்பத்திரிக்குப் போனா வீட்டுல தெரியும். இங்கயும் தெரியும். கண்ணு பாக்குற வேலைக்கு கண்ணு சரியில்லாதவள எவன் வைப்பான்? ரெண்டு மாசந்தான். அதுக்குப் பொறவு நானே போறேன்."

நான் யோசித்தேன். சார் அதற்குள் ஒருமுறை, ஒற்றைகள் ஏன் இப்படிக் கூடுகின்றன, இன்னும் ஒன்றிரண்டு வாரம் பார்த்துவிட்டுப் பேச வேண்டும் என்று சொல்லியிருந்தார். அவர் பேசினால் இவள் வேலை போய்விடும். ஆறு வருஷம் காத்திருந்தவள். அந்த மாமனார் முகத்தை நினைத்துப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் என்ன ஆகிவிடும் என்று தோன்றிற்று. எனக்கும் முப்பத்தைந்து வயதுதான். கண் என்றால் வயதானவர்களுக்குத்தான் போகும் என்ற நினைப்பு.

அப்படித்தான் ஆரம்பித்தது. வியாழக்கிழமை சாயந்திரம் அவள் தன் பென்சில் படிவங்களை என்னிடம் கொடுத்துவிடுவாள். நான் என் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் போட்ட பொய்க் கோடுகளை விட்டுவிட்டு, அவள் தவறவிட்டவற்றைச் சேர்த்து, என் கோடுகளையே அவளுடைய மைப் படிவத்தில் வரைவேன். கையெழுத்து மட்டும் அவளுடையது. முதல் வாரம் சந்தேகம் வராமல் இருக்க ஒன்றிரண்டு வித்தியாசம் விட்டு வைத்தேன். பிறகு அதுவும் இல்லை. எனக்கு எதையும் திருத்தமாகச் செய்தால்தான் மனசு ஆறும்.

பென்சில் தாள்களைக் கிழித்துப் போட மனம் வரவில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே, பால்கணக்கு எழுத ஆகும் என்று மேஜை இழுப்பறையில் போட்டு வைத்தேன். எங்கள் வீட்டுப் பழக்கம் அது, காகிதத்தை வீசமாட்டோம்.

நான்கு வாரம் கழித்து சார் எங்களைக் கூப்பிட்டார். முகமெல்லாம் மலர்ச்சி. இரண்டு பேருடைய குறிப்பும் இவ்வளவு ஒத்துப் போவதை அவர் எங்குமே பார்த்ததில்லையாம். கணக்குப் போட்டால், எங்கள் கண்ணுக்குத் தப்பிய கோடு அநேகமாக ஒன்றும் இல்லை என்று வருகிறதாம். அப்படியானால் அந்த உயரத்தில் சின்னத் துண்டுகள் நினைத்ததைவிடக் குறைவு, இதை எழுதி அனுப்பப் போகிறேன் என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சாரின் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன். எனக்கு வெட்கம் வரவில்லை, பெருமையாக இருந்தது. சிநேகிதிக்காகத்தான் செய்தேன் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிதான் நிஜம். பாராட்டு எனக்கு இனித்தது.

அவள் கண் என்ன ஆயிற்று என்று நான் கேட்காமல் இல்லை. கேட்பேன். அப்படியேதான் இருக்கு என்பாள். அவள் பென்சில் தாளில் என்ன இருக்கிறது என்று நான் பார்ப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருந்தேன். பார்த்து என்ன ஆக வேண்டும்? என் கோடுகளைத்தானே எழுதப் போகிறேன்.

ஓணப் பூக்கோலம் தொடங்குகிற அத்தத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. சாலைக் கடைத்தெருவில் பூக்கூடைகள் வந்து இறங்கத் தொடங்கிவிட்டன. நடக்க வழியில்லை. என் இடது கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் நடுவில் நின்று, மங்கலான இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். "கீழ இருந்து கறுப்பா ஒரு திரை ஏறுதுளா," என்றாள். மூக்குப் பக்கத்து ஓரத்தில் கொஞ்ச நாளாகவே இருந்ததாம். இப்போது பாதிக்கு வந்துவிட்டதாம்.

கண் ஆஸ்பத்திரிக்கு இப்போதே ஆட்டோ பிடிக்கிறேன் என்றேன். அவள் மாட்டேன் என்றாள். இன்னும் மூன்று வாரம்தான் என்றாள். பூக்காரிகள் வேடிக்கை பார்க்க, நடுத்தெருவில் நின்று அவளைத் திட்டினேன். நீயும் உன் நிரந்தரமும் நாசமாப் போக என்றுகூடச் சொன்னேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. சார் வீட்டுக்குப் போன் பண்ணுகிறேன், உன் ஆத்துக்காரரிடம் சொல்கிறேன் என்று கத்தினேன்.

அவள் சத்தம் போடவில்லை. "நீ சொன்னேன்னா நம்ம பேச்சு அதோட முடிஞ்சிது," என்று மட்டும் சொல்லிவிட்டு ஆரியசாலைப் பக்கம் திரும்பிவிட்டாள். கையால் சுவரைத் தடவிக்கொண்டு போனாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மூன்று நாள் நாங்கள் பேசவில்லை. நான்காம் நாள் வியாழக்கிழமை. அவள் வந்து பென்சில் தாள்களை என் மேஜை மேல் வைத்தாள். நான் மைப்பேனாவைத் திறந்தேன். குழாய்த் தண்ணீருக்குச் சண்டை போடுகிறவள், சாருடைய அறை பத்தடி தூரத்தில் இருக்க, உட்கார்ந்து கோடு வரைந்தேன். அவள் பேச்சு எனக்கு வேண்டியிருந்தது. அவள் இல்லாத மதியச் சாப்பாட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நேர்முகத்தில் அவளும் தேறினாள், நானும் தேறினேன். அடுத்தது வைத்தியப் பரிசோதனை. கண் பார்க்கும் அட்டை முன்னால் வலது கண்ணால் அவள் ஒரு எழுத்தையும் சொல்லவில்லை. அந்த டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, சான்றிதழ் தாளை மூடி வைத்துவிட்டு, கண் பிரிவுக்கு நேராக அழைத்துப் போகச் சொன்னார். நான்தான் அழைத்துப் போனேன். அங்கே இருந்த பெண் டாக்டர் கண்ணுக்குள் விழித்திரை கழன்று சுருண்டுவிட்டது என்றார். எத்தனை நாளாக நூல் தெரிந்தது என்று கேட்டார். இரண்டரை மாதம் என்றாள் இவள். அந்த நூலும் மின்னலும் வந்த சமயத்தில் அங்கே ஒரு சின்னக் கிழிசல்தான் இருந்திருக்கும், பதினைந்து நிமிஷம் லேசர் வைத்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்குப் போயிருக்கலாம் என்றார். யாராவது கூட இருந்தவர்கள் சொல்லவில்லையா என்று என்னைப் பார்த்தார்.

இரண்டு முறை ஆபரேஷன் செய்தார்கள். பார்வை திரும்பவில்லை. மிஞ்சியது அந்த மங்கல் கண். ஆர்டர் ரத்தாயிற்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று யாராவது என் எதிரில் பழமொழி சொன்னால் இன்றைக்கும் நான் எழுந்து போய்விடுவேன்.

சாரிடம் நானே போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அனுப்பிய கட்டுரையின் கணக்கு பொய் என்பதையும். அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளுடைய அசல் குறிப்புகள் இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டார். பால்கணக்கு எழுத வைத்திருந்த பென்சில் தாள்களைக் கொண்டு வந்து கொடுத்தேன்.

அவர் அவற்றைத் தேதி வரிசையில் பெரிய மேஜை மேல் பரப்பினார். என் படிவங்களைப் பக்கத்தில் வைத்தார். முதல் வாரத் தாள்களில் பொய்க் கோடுகள், நூல் நூலாக. நடுவில் பொய்க் கோடுகள் இன்னும் நிறைய. பிறகு அவர் விரலை வைத்துக் காட்டினார். இடது கீழ் மூலை. நான் கண்ட கோடுகள் எல்லாம் அந்த மூலைக்குள் போய் முடிகின்றன. அவள் வரைந்தவை மூலைக்கு முன்னாலேயே நின்றுவிடுகின்றன. ஒரு வாரம் நகத்தளவு வெறுமை. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த வாரம் கால் படம். பார்வையை நடுவில் நிறுத்திக் கண்ணை அசைக்காமல் பார்க்க வேண்டும் என்ற விதியை அவள் கடைசி வரை மீறவில்லை. அதனால் அவள் கண்ணில் எது போயிற்றோ அது அப்படியே தாளில் போயிருந்தது. கடைசித் தாள்களில் பாதிச் சதுரம் காலி. அந்தத் தாள்கள் வாரம் தவறாமல் வியாழக்கிழமை என் மேஜைக்கு வந்தவை.

"இது ரண்டு மாசம் நிங்ஙளுடெ கையில் உண்டாயிருந்நோ?" என்று கேட்டார் சார். இரண்டு மாதம் உங்கள் கையில் இருந்ததா என்று. ஆமாம் என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தாள்கள் என்னிடம் வந்திருந்தால் முதல் மூன்று வாரத்திலேயே அவளை நிறுத்தி வைத்து ஏன் என்று கேட்டிருப்பேன் என்றார். வித்தியாசம் வேண்டும் என்று எத்தனை தடவை சொன்னார் மனுஷர். நான் அதைப் படத்துக்கான கணக்கு என்று நினைத்திருந்தேன்.

கட்டுரையை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த இரண்டு மாதப் பிலிம்களையும் புதிதாக வந்த ஒருவரை வைத்து மறுபடி பார்க்கச் செய்தார். ஒற்றைகள் வரத் தொடங்கின, எப்போதும் வருகிற அளவுக்கு. மேலே நாங்கள் காணாமல் விட்டவை கொஞ்சநஞ்சம் இல்லை என்று கணக்கு சொல்லிற்று. என்னை யாரும் வேலையிலிருந்து நீக்கவில்லை. அதுவும் ஒரு தண்டனைதான். அந்த நிரந்தர ஆர்டரை வைத்துக்கொண்டு எட்டு வருஷம் அதே அறையில் இருந்தேன். பக்கத்து அறைப் பெண்ணோடு மதியம் சாப்பிட உட்காரமாட்டேன்.

அவள் பேச்சு மட்டும் எனக்கு நிற்கவில்லை. மாதம் ஒருமுறை ஆரியசாலைக்குப் போவேன். கடைக்கு மேலே மாடியில் வீடு. ஏணிப்படி முழுக்கச் சாக்கு வாசனை. மாமனாருக்கு அவள்மேல் பிரியம் வந்துவிட்டது, கண் போன பிறகு. கடைக்கு வரும் போன் எல்லாவற்றையும் அவள்தான் எடுத்தாள். எந்த ஊர்க்காரருக்கு எத்தனை கட்டு என்று ஒரு தாளும் பார்க்காமல் சொல்வாள். நாங்கள் பிள்ளைகள் படிப்பு, விலைவாசி என்று எல்லாம் பேசுவோம். பென்சில் தாள்களைப் பற்றி மட்டும் நான் சொன்னதில்லை. சார் ஓய்வு பெற்றுப் போகும்போது அவற்றை என்னிடமே கொடுத்திருந்தார். அலமாரியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தேன்.

அதெல்லாம் நடந்து பத்து வருஷம் கழித்து, ஒரு ஓணத்துக்கு முந்தின வாரம், அவற்றை எடுத்துக்கொண்டு போனேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டதையும் சார் மேஜையில் பரப்பியதையும் சொன்னேன். அவள் ஒவ்வொரு தாளாக வாங்கி, மங்கல் கண்ணுக்கு மூக்கோடு மூக்காக வைத்துப் பார்த்தாள். கடைசித் தாளின் காலி இடத்தை விரலால் தடவினாள். கீழே கடையில் யாரோ கயிறு அளந்துகொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கே நான் சார்கிட்ட சொல்லியிருக்கணும்டி," என்றேன்.

அவள் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரம் தட்டி, என் மடியில் வைத்தாள். இல்லை, நீ என்ன செய்வாய், நான்தானே வேண்டாம் என்றேன் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். பத்து வருஷமாக அதற்காகத்தான் அந்தப் படிகளை ஏறிக்கொண்டிருந்தேன் என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

"நீ சொல்லியிருந்தேன்னா செத்தாலும் உனக்க மொகத்துல முழிச்சிருக்க மாட்டேன்," என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பினாள். "கண்ணு இருந்திருக்கும்."